கையில் தெரிந்த வெளிச்சம்

சங்கிலிமுத்து சாம்பிள் வெடிக்கிற ஆள். தாயில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில், புதிதாகச் செய்த சரக்கிலிருந்து பெட்டிக்கு ஒன்றிரண்டாக உருவி, பொட்டலில் வைத்துக் கொளுத்திப் பார்த்து, தேறுமா தேறாதா என்று சொல்வது அவர் வேலை. ஊர் உலகம் தீபாவளிக்கு மட்டும் வெடி போடும். அந்த மனுசனுக்கு வருஷம் பூராவும் தீபாவளி. ஆனால் முகத்தில் ஒரு நாளும் பண்டிகைக் களை இருக்காது. பச்சை வர வேண்டிய இடத்தில் வெளிறிப்போய் வந்தாலோ, மேலே போக வேண்டியது புஸ்ஸென்று தரையிலேயே அடங்கினாலோ, அவ்வளவுதான். "ஒண்ணு பொய்யின்னா அம்புட்டும் பொய்யி. லோடைத் திருப்பு" என்பார். போர்மேன் வந்து மன்றாடினாலும் அசைய மாட்டார். சீசன் நேரத்தில் ஆர்டர் கழுத்தை நெரிக்கும்போது இப்படி ஓர் ஆளை வைத்துக்கொண்டு கம்பெனிக்காரர்கள் பட்ட பாடு சொல்லி மாளாது.

அவர் பெண்டாட்டி சண்முகத்தாய்க்கு வீட்டோடு வேலை. வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றிக் கொடுப்பாள். மருந்து கிருந்து ஒன்றும் கிடையாது. காகிதம், பசை, ஒரு கம்பி, உருட்டுகிற பலகை, இவ்வளவுதான் சாமான். கம்பியில் காகிதத்தைச் சுற்றிப் பலகையால் ஒரே இழுப்பு இழுத்தால் குழாய் இறுகிக்கொண்டு வந்து விழும். டிவி பார்ப்பாள், பக்கத்து வீட்டு வெள்ளைத்தாயோடு ஊர்வம்பு அளப்பாள், மகள் சினேகாவைத் திட்டுவாள், கை பாட்டுக்குக் கை ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கை சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால் இலை வருவதற்குள் விரித்த பேப்பரின் ஓரத்தைக் கிழித்து நாலு குழாய் சுற்றி வைத்திருப்பாள்.

சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் சங்கிலிமுத்து அந்தக் குவியலிலிருந்து ஒரு குழாயை எடுப்பார். இரண்டு விரலால் அமுக்கிப் பார்ப்பார்.

"லூசு. இந்த லோடு திரும்பிரும்."

"ஆமா, பெரிய கலெக்டரு. போயிக் காலைக் கழுவிட்டு வாங்க."

கல்யாணமான புதிதில் தொடங்கிய கூத்து இது. அவள் சுற்றிய குழாய் ஒரு நாளும் லூசாக இருந்ததில்லை. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவர் அப்படிச் சொல்லாமல் வீட்டுக்குள் போன நாளில், கம்பெனியில் ஏதோ சண்டை என்று அவள் புரிந்துகொள்வாள்.

போன சித்திரையில் சண்முகத்தாய்க்கு இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டது. பெண்பிள்ளைகள் சமாச்சாரம், எப்படிச் சொல்வது என்று ஆனி வரைக்கும் முந்தானையைப் போட்டு மூடிக்கொண்டே இருந்துவிட்டாள், மகராசி. சினேகாதான் கண்டுபிடித்து, அழுது, ஆர்ப்பாட்டம் பண்ணி மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சினேகா சிவகாசியில் ஓர் அச்சாபீஸில் கம்ப்யூட்டரில் லேபிள் வரைகிறவள். நாலு விஷயம் தெரிந்த பிள்ளை.

டாக்டர் கற்பகவல்லி ஒளிவுமறைவு வைத்துப் பேசுகிறவர் இல்லை. "கட்டி புற்றுநோய்தான். அது இருந்த இடத்துலயே இருந்தா அறுத்து எடுத்துட்டு, மருந்து குடுத்துக் குணமாக்கப் பாக்கலாம். உடம்புல வேற இடத்துக்குப் பரவியிருந்தா வைத்தியம் வேற. நாளைக் கூட்டலாம், வலியைக் குறைக்கலாம். நோயை முழுசா விரட்ட முடியாது. எதுன்னு தெரிய உடம்பு பூராவும் ஒரு ஸ்கேன் எடுக்கணும்" என்றார்.

"அதுல எப்படித் தெரியும்?" என்று கேட்டார் சங்கிலிமுத்து.

"சர்க்கரை மாதிரி ஒரு மருந்தை ஊசில ஏத்துவோம் அய்யா. எந்த இடத்துக்குப் பசி அதிகமோ அந்த இடம் அதை நிறைய இழுத்துக்கும். இந்த நோய்க்கு அகோரப் பசி. அது எங்கெங்க போய் உட்கார்ந்திருக்கோ, அங்கெல்லாம் படத்துல வெளிச்சமாத் தெரியும்."

வெளிச்சம் என்றதும் சங்கிலிமுத்துவுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. வெளிச்சம் பார்த்து நல்லது கெட்டது சொல்வதுதானே தன் பிழைப்பு என்று நினைத்தார். பாவம்.

ஸ்கேன் அன்று ஊசி போட்டதும் சண்முகத்தாயைத் தனி அறையில் கட்டிலில் படுக்க வைத்தார்கள். யாரும் கூட இருக்கக் கூடாது. ஒரு மணி நேரம் பேசாமல், நடக்காமல், அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்று சொல்லி, அதையே அச்சடித்த ஒரு நோட்டீசையும் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். வெளியே பெஞ்சில் சங்கிலிமுத்து இருக்கன்குடி மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அடுத்த நாள் டாக்டரம்மா முன்னால் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள்.

கம்ப்யூட்டரில் சாம்பல் நிறத்தில் ஓர் ஆள் உருவம். அதில் அங்கங்கே மஞ்சளும் ஆரஞ்சுமாக எரிந்துகொண்டிருந்தது. தலை முழுக்க ஒரே வெளிச்சம். சங்கிலிமுத்து நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"பயப்படாதீங்க. மூளை எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும். அதுக்கு எப்பவும் சர்க்கரை வேணும்" என்றார் டாக்டர். "கீழ அடிவயித்துல தெரியிறது மூத்திரப்பை. மருந்து வெளிய போற வழி. அதுவும் நோய் இல்ல." பிறகு முழங்கைக்குக் கீழே இரண்டு கையிலும் பட்டையாக எரிந்த வெளிச்சத்தில் அவர் பார்வை நின்றது. "ஏம்மா, ஊசி போட்ட பிறகு கையை வச்சு ஏதாச்சும் வேலை பாத்தீங்களா?"

சண்முகத்தாய் திருட்டு முழி முழித்தாள். இடுப்பு மடியிலிருந்து எதையோ எடுத்து மேஜைமேல் வைத்தாள். அசையாமல் படுத்திருக்கச் சொன்ன நோட்டீஸ். பென்சில் கனத்துக்கு அச்சுப் பிசகாமல் சுற்றி இறுக்கிய குழாயாக இருந்தது.

"சும்மா கிடக்க முடியல டாக்டரம்மா. தொடையில வச்சு இதைத்தான் உருட்டிக்கிட்டுக் கிடந்தேன். உருட்டுவேன், பிரிப்பேன், மறுபடி உருட்டுவேன். காலை ஆட்டவே இல்ல, சாமி சத்தியமா."

டாக்டர் சிரித்துவிட்டார். "வேலை செஞ்ச சதை சர்க்கரையை இழுத்திருக்கு, அவ்வளவுதான். கையில ஒண்ணும் இல்ல." சினேகா சிரித்தாள், சங்கிலிமுத்துவும் சிரித்தார். அந்த அறையில் அவர்கள் சிரித்தது அது ஒன்றுதான்.

டாக்டர் மற்ற வெளிச்சங்களுக்கு வந்தார். மார்பில் ஒன்று, அது தெரிந்ததுதான். அக்குளில் ஒன்று. இடுப்பெலும்பில் ஒன்று, முதுகெலும்பில் இரண்டு, ஈரலில் ஒன்று. "பரவியிருக்கு" என்றார். "அறுவை இப்ப வேண்டாம். ஊசி மருந்தை அடுத்த வாரமே ஆரம்பிச்சிருவோம்."

சங்கிலிமுத்து எழுந்து நின்றுவிட்டார்.

"அப்ப கையில எரியிறது நோயி இல்ல?"

"இல்ல."

"மூளையில எரியிறது?"

"அதுவும் இல்ல அய்யா."

"அடிவயித்துல?"

"இல்ல."

"அப்ப இடுப்புல எரியிறது மட்டும் எப்படி நோயாகும்? கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து ஒரே இடத்துல குத்தவச்சு வேலை பாக்குற இடுப்பு அது. அந்த முதுகு ஒரு நாள் சாஞ்சிருக்குமா? கை வேலை செஞ்சு எரிஞ்சா முதுகும் வேலை செஞ்சுதான எரியும்?"

டாக்டர் கோபப்படவில்லை. சதை வேறு, எலும்பு வேறு என்றார். அதே ஸ்கேனில் எலும்பு அரித்திருப்பதைத் தனியாகக் காட்டினார். சந்தேகம் இருந்தால் எலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்றார். சொன்னதெல்லாம் சரிதான். ஆனால் சங்கிலிமுத்துவின் காது அடைத்துப்போயிருந்தது. ஒன்று பொய் என்று டாக்டர் வாயாலேயே வந்துவிட்டதே. ஆயுசு பூராவும் ஒன்று பொய்யென்றால் லோடையே திருப்பிவிட்ட மனுசன், தன் பெண்டாட்டி உயிர் என்று வரும்போது மட்டும் அந்தச் சட்டத்தை விடுவாரா?

"ஒரு மாசம் இவ கையை ஆட்டாம வச்சிருக்கேன். உக்காந்து எந்திரிக்க விட மாட்டேன். அப்புறம் இன்னொரு படம் எடுங்க. அப்பவும் எரிஞ்சா ஊசி போடுங்க" என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"ஒரு மாசத்தை வீணாக்காதீங்க அய்யா. அம்மா, நீங்க என்ன சொல்றீங்க?"

சண்முகத்தாய் புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவுக சொல்றபடியே செய்வோம் டாக்டரம்மா" என்றாள்.

அன்று வீட்டில் சினேகா போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. "இது உங்க கம்பெனிச் சரக்கு இல்லப்பா. அம்மா. ஒண்ணு நமுத்துப்போச்சுன்னு திருப்பி விடுறதுக்கு இது என்ன பெட்டியா?" என்று கேட்டாள். "படிச்ச திமிருல பேசாத. உங்க ஆத்தாளுக்கு ஒண்ணும் இல்லைன்னு நான் சொல்றேன், அது உனக்குக் கசக்குதா?" என்றார் அவர். பெற்ற பிள்ளையைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? அவள் உள்ளே போய்விட்டாள். மறுநாள் சினேகா அம்மாவின் பின்னாலேயே திரிந்து, "நீயாச்சும் சொல்லும்மா, ஊசி போடுவோம்" என்று கெஞ்சிப் பார்த்தாள். "உங்கப்பா மனசு கோணக் கூடாது தாயி. ஒரு மாசந்தான" என்று சண்முகத்தாய் மகள் வாயையும் அடைத்துவிட்டாள்.

பலகை, கம்பி, காகிதக்கட்டு எல்லாவற்றையும் சங்கிலிமுத்து பரணில் தூக்கிப் போட்டார். கம்பெனிக்கு லீவு சொன்னார். சீசனில் லீவா என்று கேட்ட போர்மேனிடம் எரிந்து விழுந்தார். வீட்டில் அவரே உலை வைத்தார், அவரே துணி துவைத்தார். சண்முகத்தாய்க்குக் கட்டிலும் தலையணையும்தான். சேலை முந்தியை அவள் விரல் சுருட்டத் தொடங்கினால் போதும், "ஏ, கையி" என்பார். அவள் குற்றம் செய்த பிள்ளையாக விரலை மடக்கிக்கொள்வாள். வெள்ளைத்தாய் வந்தாலும் ரொம்ப நேரம் பேச விட மாட்டார், பேசினால் கை தன்னால் ஆடும் என்று. நாளாக நாளாக வெள்ளைத்தாய் வருவதும் குறைந்துபோனது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த மாசம் அவர் சந்தோஷமாக இருந்தார். வாய்விட்டுப் பாடாத குறை. அவளுக்குத் தலை வாரிவிட்டார், பின்னல் கோணலாக வந்ததற்கு இரண்டு பேரும் சிரித்தார்கள். "தீவாளி கழிஞ்சதும் ஆபரேசன். தைக்குள்ள எந்திரிச்சு நடந்துருவ. மாசியில சினேகாவுக்கு மாப்பிள்ளை பாப்போம்" என்று தினம் ஒரு திட்டம் போட்டார். அவள் எல்லாவற்றுக்கும் ம் கொட்டினாள். இரவில் அவள் புரண்டு படுக்கப் பல்லைக் கடிப்பதை, படுத்தே கிடந்தால் உடம்பு பிடித்துக்கொள்ளத்தானே செய்யும் என்று எண்ணிக்கொண்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஆட்டோ பிடித்து இருக்கன்குடிக்குக் கூட்டிப்போனார். கோயில் வாசலில் நேர்ச்சைக்குத் தகட்டில் அடித்த உருவங்கள் விற்பார்கள். கண்ணில் குறையென்றால் கண், காலில் குறையென்றால் கால் என்று வாங்கி அம்மனுக்குச் செலுத்துவார்கள். கடைக்காரப் பெண் எந்த இடத்துக்கு என்று கேட்டாள். "மாருக்கு" என்று சங்கிலிமுத்து சொல்லி முடிப்பதற்குள், சண்முகத்தாய் குனிந்து ஒரு முழு ஆள் உருவத்தை எடுத்துக்கொண்டாள்.

"அது எதுக்கு? நமக்கு ஒரு இடந்தான?"

"இருக்கட்டும்ங்க. ஆத்தாளுக்கு ஒண்ணும் விட்டுப்போகக் கூடாது."

அவருக்கு அது விளங்கவில்லை. பக்தி என்று நினைத்து அவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மாசம் கழிந்தது. இரண்டாவது ஸ்கேனுக்கு ஊசி போட்டுப் படுக்க வைத்தபோது, நோட்டீசே வேண்டாம் என்று சங்கிலிமுத்து சொல்லிவிட்டார். அவள் இரண்டு கையையும் பக்கத்தில் நீட்டிவைத்து, விரல் நுனிகூட ஆட்டாமல் கிடந்தாளாம். இவ்வளவு பொறுமையான ஆளைப் பார்த்ததில்லை என்று ஊசி போட்ட பையன் வெளியே வந்து சொன்னான். சங்கிலிமுத்துவுக்குப் பெருமையாக இருந்தது.

படம் வந்தது. அவர் முதலில் கையைத்தான் பார்த்தார். கையில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. முழங்கையிலிருந்து விரல் வரைக்கும் சாம்பல் பூத்துக் கிடந்தது.

"பாத்தீகளா டாக்டரம்மா, கை அணைஞ்சிருச்சு" என்றார். சொல்லிவிட்டுக் கண்ணை நகர்த்தினார்.

இடுப்பில் ஒன்றாக இருந்தது பரந்து இரண்டு பக்கமும் எரிந்தது. முதுகெலும்பில் மேலிருந்து கீழ்வரை கண்ணியாகத் தொடர்ந்து போயிற்று. விலாவில் புதிதாக, தோள்பட்டையில் புதிதாக. ஈரலில் எண்ண முடியவில்லை. எத்தனையோ வருஷம் வானத்தில் வெளிச்சத்தை நிமிர்ந்து பார்த்த மனுசன், அந்தச் சின்னத் திரையைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

டாக்டர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் படத்தை மூடிவிட்டு மருந்துச் சீட்டை எடுத்தார். சங்கிலிமுத்துதான் கேட்டார்.

"அன்னைக்கே ஊசி போட்டிருந்தா?"

"முழுசாக் குணமாகியிருக்காது அய்யா. முதல் படத்துலயே பரவித்தான் இருந்துச்சு."

"அதைக் கேக்கல."

"இந்த வேகத்தைத் தடுத்திருக்கலாம். கொஞ்ச நாள் சேர்த்துக் கிடைச்சிருக்கும். வலி இவ்வளவு இருந்திருக்காது. இப்ப ஈரல் இருக்கிற இருப்புல அந்த ஊசியைத் தாங்க மாட்டாங்க. வலிக்கு மருந்து தரேன். வீட்டுல வச்சு நல்லாப் பாத்துக்கங்க."

நீங்கதானே, நீங்கதானே என்று சினேகா அவர் சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால் அவருக்கு மூச்சாவது வந்திருக்கும். அவள் அம்மாவைப் பிடித்து மெல்ல எழுப்பினாள். அப்பாவின் பையையும் அவளே எடுத்துக்கொண்டாள்.

வீடு வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. தெருவில் எல்லாக் கம்பெனி வண்டிகளும் தீபாவளி லோடோடு போய்க்கொண்டிருந்தன. சங்கிலிமுத்து ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணிலிருந்து பலகையையும் கம்பியையும் காகிதத்தையும் இறக்கினார். தூசியைத் தன் வேட்டியால் துடைத்தார். மைதாவைக் காய்ச்சிப் பசை கிண்டினார். எல்லாவற்றையும் கொண்டுவந்து கட்டிலில் அவள் மடிக்கு முன்னால் வைத்தார்.

"செய்யி தாயி. உன் இஷ்டத்துக்குச் செய்யி. இனி ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

அவள் பலகையைத் தடவிப் பார்த்தாள்.

"உனக்கு ஊசி போட விடாம நானே உன்னைக் கொன்னுட்டேனே" என்று அவர் கட்டில் காலடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

"அப்படிச் சொல்லாதீக." அவள் அவர் தலைமேல் கை வைத்தாள். "எனக்குத் தெரியும். இடுப்பு வலி ஆனியிலேயே வந்துருச்சு. வேலை செஞ்ச வலி எது, இது எதுன்னு எனக்குத் தெரியாதா? எம்புட்டு வருசம் உக்காந்திருக்கேன்."

அவர் நிமிர்ந்தார். "தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் வாயைத் தொறந்தேன், அன்னைக்கு அந்த ஆஸ்பத்திரியில. உங்க மூஞ்சியைப் பாத்தேன். கையில நோயி இல்லைன்னதும் அம்புட்டு வெளிச்சம் அந்த மூஞ்சியில. கல்யாணத்தன்னைக்குக்கூட நீங்க அப்படி இருந்ததில்ல. எப்படியும் போகப் போறேன், ஒரு மாசம் இந்த மனுசன் இப்படியே இருக்கட்டுமேன்னு விட்டுட்டேன். அதுக்குத்தான் கையைக் கட்டிக்கிட்டுக் கிடந்தேன்."

வாசலில் நின்றிருந்த சினேகா முகத்தை மூடிக்கொண்டு திரும்பிவிட்டாள். சங்கிலிமுத்துவுக்கு அழுகைகூட நின்றுபோனது.

சண்முகத்தாய் தலையணையில் சாய்ந்தபடியே ஒரு காகிதத்தை எடுத்தாள். கம்பியில் சுற்றினாள். பசை தடவினாள். பலகையை வைத்து இழுக்கும்போது முகம் சுருங்கியது; பாதியில் கை நின்றுவிட்டது. மறுபடி இழுத்தாள். குழாய் வாய் ஒரு பக்கம் அகன்று, சுற்று விலகி, தொளதொளவென்று கம்பியிலிருந்து கழன்று வந்தது. அவள் வாழ்நாளில் சுற்றியதிலேயே மோசமான குழாய் அது. அதை உள்ளங்கையில் வைத்து அவரிடம் நீட்டினாள்.

"பாத்துச் சொல்லுங்க."

அவர் வாங்கி இரண்டு விரலால் பிடித்தார். அமுக்குவதற்கு முன்பே அது நசுங்கிவிட்டது.

"பாஸ்" என்றார்.

சண்முகத்தாய் சிரித்தாள். "பொய் சொல்றீக. இந்த லோடு திரும்பிரும்."

"திரும்பாது. நான் வச்சுக்கிருவேன்" என்று சொல்லி, அவர் அந்தக் குழாயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த காகிதத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.